லுக்ரேசியா போர்ஜியாவின் மூன்றாம் திருமணம், 1501–1519: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகள் லுக்ரேசியா போர்ஜியாவுக்கும் வட இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட டியூக் எர்கோலேவின் மூத்த மகன் அல்ஃபோன்சோவுக்கும் 1501இல் பேசி முடித்த திருமணம் இது. மணமகளுக்கு மூன்றாவது, மணமகனுக்கு இரண்டாவது. லுக்ரேசியாவின் முதல் இரண்டு திருமணங்களும் அரசியலுக்காகச் செய்யப்பட்டு, அரசியல் திசை மாறியதும் முடித்துவைக்கப்பட்டவை. மூன்றாவதற்கு ஆதாரமாக இருந்த அரசியலும் மணமகள் ஃபெராராவுக்குள் நுழைந்த 18 மாதங்களில் சரிந்துவிட்டது. ஆனாலும் இந்தத் திருமணம் மட்டும் 1519இல் அவர் இறக்கும்வரை நிலைத்தது. அது எப்படி என்பதே இங்கு எழும் கேள்வி. நஞ்சு வைத்தார், தகாத உறவு கொண்டார் என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதைகள் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. சீதனக் கணக்கும் தூதர்கள் எழுதிய கடிதங்களும் அவற்றைவிட அதிகம் சொல்கின்றன.

பின்னணி

லுக்ரேசியா பிறந்தது 1480 ஏப்ரலில். தந்தை ரோட்ரிகோ போர்ஜியா 1492இல் போப் ஆனார். அடுத்த ஆண்டே, 13 வயதில், பேசாரோ நகரத்தின் தலைவர் ஜொவான்னி ஸ்ஃபோர்சாவுக்கு மகளைக் கொடுத்தார். 31,000 டுகாட் (அக்காலத் தங்க நாணயம்) சீதனம். மிலானை ஆண்ட ஸ்ஃபோர்சா குலத்தின் ஆதரவு தேவைப்பட்ட நேரம் அது. அந்தத் தேவை தீர்ந்ததும், கணவருக்கு ஆண்மையில்லை, மணவாழ்வே தொடங்கவில்லை என்று காரணம் காட்டி 1497 டிசம்பரில் திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. (அதே ஜொவான்னி பிறகு வேறொரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றார்.)

1498 ஜூலையில் நேப்பிள்ஸ் அரச குடும்பத்து அல்ஃபோன்சோவோடு (இவர் வேறு அல்ஃபோன்சோ) இரண்டாவது திருமணம். சீதனம் 40,000 டுகாட்டாக உயர்ந்திருந்தது. மறு ஆண்டே லுக்ரேசியாவின் அண்ணன் செசாரே பிரான்ஸ் பக்கம் சாய்ந்து அங்கேயே பெண் எடுத்தார். பிரான்ஸ் மன்னருக்கோ நேப்பிள்ஸ்மீது கண். இப்படி நேப்பிள்ஸ் மாப்பிள்ளை இடைஞ்சலாகிப்போனார். 1500 ஜூலை 15 இரவு செயின்ட் பீட்டர் தேவாலயப் படிக்கட்டில் அவரை வெட்டினார்கள். மனைவி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டதில் காயம் ஆறிவந்தது. ஆகஸ்ட் 18 அன்று செசாரேயின் ஆள் ஒருவன் வந்து கட்டிலிலேயே கழுத்தை நெரித்துக் கொன்றான். லுக்ரேசியாவுக்கு அப்போது 20 வயது. கையில் பத்து மாதக் குழந்தை ரோட்ரிகோ.

இன்னொன்றையும் பின்னணியில் சேர்க்க வேண்டும். 1499இல் தந்தை அவரை ஸ்போலேட்டோ நகரத்தின் ஆளுநராக அனுப்பியிருந்தார். 1501 கோடையில் போப் ரோமைவிட்டு வெளியே போனபோது, வத்திக்கானில் அன்றாட வேலைகளைப் பார்க்கும் பொறுப்பும் வந்த கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரமும் மகளிடம் இருந்தன. சபையில் இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஃபெராராவுக்குப் போனது நிர்வாகம் பழகிய பெண் என்பது பின்னால் முக்கியமாகிறது.

இரு தரப்புக்கும் என்ன தேவை

ஃபெராரா சட்டப்படி திருச்சபையின் மானிய நிலம். எர்கோலேவின் எஸ்தே குடும்பம் போப்பின் பெயரில் அதை ஆண்டது. ஆண்டுக் கப்பமும் கட்டியது. அதே சட்ட நிலையில் இருந்த இமோலா, ஃபோர்லி, பேசாரோ, ரிமினி, ஃபாயென்சா ஆகிய ரோமாக்னா ஊர்களை 1499 முதல் 1501 ஏப்ரலுக்குள் செசாரே ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். வரைபடத்தில் அடுத்து இருப்பது போலோன்யா, அதற்கடுத்தது ஃபெராரா. எர்கோலே சம்பந்தத்துக்கு இணங்கியது இந்த அச்சத்தில்தான். போப்பின் கணக்கு வேறு. செசாரே பிடித்த பகுதிக்கு வடக்கே நட்பான எல்லை வேண்டும். பழம்பெருமையுள்ள ஆளும் வீட்டில் மகளுக்கு இடமும் வேண்டும்.

எர்கோலே முதலில் மறுக்கப் பார்த்தார். பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயி தடுத்துவிடுவார் என்று நம்பினார். லூயி தொடக்கத்தில் எதிர்த்தார்தான். ஆனால் நேப்பிள்ஸ் போருக்குப் போப்பின் தயவு தேவைப்பட்டதும் பின்வாங்கினார். செய்துதான் ஆக வேண்டும் என்றால் விலையை ஏற்றிக் கேளுங்கள் என்பது அவர் எர்கோலேவுக்குச் சொன்ன யோசனை.

ஒப்பந்தமும் அதன் சரத்துகளும்

எர்கோலே கேட்டது 200,000 டுகாட். முடிந்தது 100,000 டுகாட் ரொக்கம். டுகாட் ஒன்றில் மூன்றரை கிராம் தங்கம் என்று வைத்தால் ஏறத்தாழ 350 கிலோ தங்கம். நகை, துணி, வெள்ளிப் பாத்திரங்கள் தனி. செந்தோ, பியேவே என்ற இரண்டு ஊர்கள் ஃபெராராவுக்கு வர வேண்டும். அவை போலோன்யா மறைமாவட்டத்தின் சொத்து என்பதால் கைமாறுவது எளிதாக இல்லை. ஆண்டுக் கப்பம் வெறும் 100 டுகாட்டாகக் குறைக்கப்பட்டது. எஸ்தே வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருச்சபைப் பதவிகளும் பேசப்பட்டன. தூதர்களின் நச்சரிப்பைத் தாங்காமல் எர்கோலே வணிகரைப்போல நடந்துகொள்கிறார் என்று போப் புலம்பினார். அது உண்மைதான்.

1501 ஆகஸ்ட் 26 அன்று வத்திக்கானில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. செப்டம்பர் 1 அன்று ஃபெராராவில் உறுதிசெய்யப்பட்டது. பேரம் நடந்த மாதங்களில் ரோமில் இருந்த ஃபெராராத் தூதர்கள் கவனித்த ஒன்று உண்டு: மணமகள் தன் தந்தையிடம் மாமனார் தரப்புக்காகவே வாதாடினார். இதை வெறும் நல்ல குணம் என்று கொள்வதற்கில்லை. ரோமில் இருந்தால் நான்காவது திருமணத்துக்கான துருப்புச் சீட்டாகவே இருந்திருப்பார். அவருக்கு அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. சீதனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத் திருப்பி அனுப்புவது கடினம் என்பதும் 40,000 டுகாட் சீதனத்தின் கதியைப் பார்த்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் விடப்பட்டவை இரண்டு. இரண்டுமே பின்னால் அவரைச் சுட்டன. ஒன்று, ஃபெராராவில் அவர் வீட்டுச் செலவுக்கான ஆண்டுப் படித்தொகை. மற்றொன்று மகன் ரோட்ரிகோ. முன் கணவரின் பிள்ளையைப் புது வீட்டுக்கு அழைத்துவருவது அக்கால வழக்கமில்லை. குழந்தையை உறவினரான ஒரு கார்டினலின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

பணம் எண்ணுதலும் மோதிரமும்

டிசம்பரில் எர்கோலேவின் மகன்களும் பரிவாரமும் மணமகளை அழைத்துப்போக ரோம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த பிறகும் வாரக்கணக்கில் தங்க நேர்ந்ததற்குக் காரணம் சீதனப் பணம். எர்கோலே கேட்டது முழு எடையுள்ள பெரிய டுகாட். போப்பின் கருவூலம் கொடுக்க நினைத்தது மதிப்புக் குறைந்த கருவூல டுகாட். எந்தக் காசு என்பதில் சச்சரவு. பிறகு எண்ணும் வேலை. தேய்ந்ததும் குறைபட்டதும் ஒதுக்கப்பட்டு மாற்றிக் கேட்கப்பட்டன. பணம் முழுதும் கைக்கு வராமல் மணமகளோடு கிளம்பக் கூடாது என்பது எர்கோலேவின் கண்டிப்பான உத்தரவு.

டிசம்பர் 30 அன்று வத்திக்கானில் பதிலாள் திருமணம் நடந்தது. அல்ஃபோன்சோவுக்குப் பதில் அவர் தம்பி ஃபெர்ரான்தே மோதிரம் அணிவித்தார். இன்னொரு தம்பியான கார்டினல் இப்பொலிதோ குடும்ப நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கொடுத்தார். கொடுத்த முறைதான் கவனிக்கத்தக்கது. பத்திரத்தில் பரிசாகப் பதிவானது மோதிரம் மட்டுமே; நகைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருமகள் கடமை தவறினால் நகைகளைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்பதற்காக எர்கோலேவே சொல்லி அனுப்பிய ஏற்பாடு அது. கல்யாண மேடையில் நின்ற எவருக்கும் இது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பயணம்

1502 ஜனவரி 6 அன்று ரோமிலிருந்து கிளம்பினார்கள். ஸ்போலேட்டோ, ஃபோலின்யோ, உர்பினோ, பேசாரோ, ரிமினி, ஃபாயென்சா, இமோலா, போலோன்யா என்று குளிர்காலத்தில் நான்கு வாரப் பயணம். முதல் கணவர் ஆண்ட பேசாரோவில் இப்போது அண்ணன் கொடி பறந்தது. அங்கே வரவேற்பும் ஆட்டமும் நடந்தன. இமோலாவில் ஒரு நாள் தங்க வேண்டும் என்று மணமகள் கேட்டார். எட்டு நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை, தலைவலிக்கிறது என்பது காரணம். தூதர்கள் அதையும் எர்கோலேவுக்கு எழுதினார்கள். நாள் குறித்துவைத்திருந்த மாமனாருக்கு ஒவ்வொரு தாமதமும் செலவு.

ஃபெராராவுக்கு முன்னால் பெந்திவோல்யோ கோட்டையில் அல்ஃபோன்சோ முன்னறிவிப்பின்றி வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இந்தத் திருமணத்தில் மணமகன் தானாகச் செய்ததாகப் பதிவான முதல் காரியம் இதுதான். பிப்ரவரி 2 அன்று நகருக்குள் நுழைந்தபோது வேட்டொலிக்கு மிரண்டு குதிரை மணமகளைக் கீழே தள்ளியது. எழுந்து கோவேறு கழுதையில் ஏறி ஊர்வலத்தைத் தொடர்ந்தார். விழாவில் ஐந்து இரவுகள் பண்டை ரோம நாடகாசிரியர் ப்ளாவ்டஸின் லத்தீன் நகைச்சுவை நாடகங்கள் நடந்தன. அல்ஃபோன்சோவின் அக்காவும் மாந்துவாவின் சீமாட்டியுமான இசபெல்லா தெஸ்தே, புது மருமகள் என்ன உடுத்தினார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று தன் கணவருக்குத் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் ஆண்டில் கண்டவை

விழா முடிந்ததும் எர்கோலே ஸ்பானியப் பணியாளர்களைக் குறைத்தார். அடுத்தது படித்தொகை. லுக்ரேசியா கேட்டது ஆண்டுக்கு 12,000 டுகாட். எர்கோலே கடைசியாக ஏறிவந்தது 10,000 வரை. தோழியர் சம்பளம், துணிமணி, உணவு, குதிரை லாயம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 100,000 டுகாட் கொண்டுவந்த பெண்ணுக்கு 2,000 டுகாட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பட்டினி கிடந்தாலும் இறங்கிவர மாட்டேன் என்று அவர் நின்றதை அற்பப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொகையிலிருந்துதான் அவருக்கென்று ஆட்கள், கடிதம் கொண்டுபோகும் தூதர்கள், தனித் தொடர்புகள் எல்லாம் கிளைக்க வேண்டும். முதல் கர்ப்பமும் இந்தச் சண்டைக்கு நடுவில்தான்.

அந்தக் கோடையில் கடும் காய்ச்சல். செப்டம்பர் 5 அன்று குறைமாதத்தில் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. தாய்க்குப் பேறுகாலக் காய்ச்சல். அண்ணன் செசாரே குதிரையில் விரைந்துவந்து, மருத்துவர்கள் இரத்தம் இறக்கும்போது தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டார். மனைவி பிழைத்தால் லொரேட்டோவுக்கு யாத்திரை வருவதாக அல்ஃபோன்சோ நேர்ந்துகொண்டு, பிறகு அதை நிறைவேற்றினார். அல்ஃபோன்சோவின் முதல் மனைவி ஆன்னா ஸ்ஃபோர்சா 1497இல் பேறுகாலத்தில் இறந்தவர். பீரங்கி வார்ப்பிலும் மண்பாண்டம் வனைவதிலும் பொழுதைக் கழித்த, அதிகம் பேசாத மனிதரிடமிருந்து வந்த இந்த நேர்த்திக்கடனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியாகாது.

1503 ஆகஸ்ட்: அடிப்படை சரிந்தது

1503 ஆகஸ்ட் 18 அன்று போப் இறந்தார். செசாரேயும் அதே வேளையில் நோயில் கிடந்தார்; அவர் பிடித்த ஊர்கள் கழன்று விழத் தொடங்கின. நவம்பரில் போர்ஜியா குடும்பத்தின் பழைய எதிரி இரண்டாம் ஜூலியஸ் என்ற பெயரில் போப் ஆனார். திருமணத்தின் எல்லா அரசியல் காரணங்களும் மூன்று மாதத்தில் போய்விட்டன. போப் இறந்ததில் தமக்கு வருத்தமில்லை என்று எர்கோலே தம் தூதருக்கே எழுதினார். லூயி இன்னும் ஒரு படி மேலே போனார். உங்களுக்கு இந்தத் திருமணம் என்றுமே பிடித்ததில்லை என்று தெரியும், அந்தப் பெண் அல்ஃபோன்சோவின் உண்மையான மனைவியே அல்ல என்று ஃபெராராத் தூதரிடம் சொன்னார். வழி திறந்தே இருந்தது. 1497இல் செல்லாது என்று அறிவித்தது முறையல்ல என்று காட்டிவிட்டால், முதல் கணவர் உயிரோடு இருக்கும் நிலையில் மூன்றாம் திருமணமே நிற்காது.

எஸ்தே வீடு அந்த வழியில் போகவில்லை. எங்கள் கணிப்பில் முதற்காரணம் பணம். திருமணம் செல்லாது என்றால் 100,000 டுகாட்டைத் திருப்பித் தர வேண்டும். செந்தோ, பியேவே, கப்பச் சலுகை மூன்றும் கேள்விக்குள்ளாகும். அதுவும் புதுப் போப்பின் முன்னால். மணமகளைக் காசு காசாக எண்ணி வாங்கிய அதே சிக்கனம் அவரை அனுப்பவிடாமல் தடுத்தது. நகைகளுக்கு மட்டும் திரும்பிவரும் வழி வைத்த எர்கோலே, தமக்கே திரும்பும் வழி இல்லாத ஒப்பந்தத்தைப் போட்டிருந்தார்.

இரண்டாவது காரணம் லுக்ரேசியாவின் நடத்தை. துக்கத்தில் இருந்தபோதும் அண்ணனின் ரோமாக்னா ஊர்களைக் காக்க ஆட்களைத் திரட்டி அனுப்பினார். எர்கோலே அதைத் தடுக்கவில்லை. வெனிஸ் அங்கே நுழைவதைவிடச் செசாரே இருப்பது ஃபெராராவுக்கு மேல். பிறந்த வீட்டுப் பாசமும் புகுந்த வீட்டு நலனும் ஒரே திசையில் இருந்த அபூர்வமான சில வாரங்கள் அவை.

டியூக்கின் மனைவியாக

1505 ஜனவரியில் எர்கோலே இறக்க, அல்ஃபோன்சோ டியூக் ஆனார். வாரிசு இன்னும் இல்லை. அந்த ஆண்டு பிறந்த ஆண் குழந்தை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. 1508 ஏப்ரலில், தாத்தாவின் பெயரையே கொண்ட மகன் எர்கோலே பிறந்தபிறகுதான் லுக்ரேசியாவின் நிலை உறுதிப்பட்டது. 1509இல் அடுத்த மகன் இப்பொலிதோ பிறந்தார்.

போர் அவருக்கு வேலை கொடுத்தது. 1509 முதல் அல்ஃபோன்சோ வெனிஸோடும் பிறகு போப்போடும் மோதினார். 1510இல் ஜூலியஸ் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். எஸ்தே ஆட்சியிலிருந்த மொதெனா நகரம் கைவிட்டுப் போனது. கணவர் பாசறையிலும் பயணத்திலும் இருந்த மாதங்களில் மனுக்களை விசாரித்ததும் நகர நிர்வாகத்தைப் பார்த்ததும் லுக்ரேசியா. செலவுக்கு நகைகள் அடகுக்குப் போயின. பத்திரத்தில் ஒரு வரி எழுதாமல் எர்கோலே காத்த நகைகள் கடைசியில் ஃபெராராவைக் காக்கப் பயன்பட்டன.

1513க்குப் பிறகு அவர் செய்தது அதிகம் பேசப்படாதது. போ ஆற்றுப் படுகையில் சதுப்பு நிலம் மலிவாகக் கிடந்தது. அதை வாங்கினார், சில இடங்களில் வடித்துக் கொடுப்பதற்கு ஈடாக நிலத்தில் பங்கு பெற்றார். முதலுக்கு நகைகளை விற்கவும் அடகு வைக்கவும் செய்தார். வெள்ளத்தைத் தடுக்கக் கரை எழுப்பி, தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டித் தாழ்ந்த திசைக்கு வடிக்க வேண்டும். எந்திர இறைப்பு இல்லாத காலம். சரிவு தப்பினால் வெட்டிய வாய்க்கால் குட்டையாகிவிடும், ஒரு கரை உடைந்தால் அந்தப் போகம் போயிற்று. வடிந்த நிலத்தில் தானியம், பயறு, ஆளி போட்டார்கள், கால்நடை வளர்த்தார்கள். ஆறே ஆண்டில் அவர் கைக்கு வந்தது 20,000 ஹெக்டேர்வரை, அதாவது ஏறத்தாழ 50,000 ஏக்கர். 12,000 டுகாட்டுக்காக மாமனாரிடம் வாதாடியவருக்கு இப்போது யாரிடமும் கேட்காமல் வருமானம் வந்தது.

முடிவு

மகன் ரோட்ரிகோ 1512இல் பாரி நகரில் இறந்தான், வயது 12. அவனைத் தன்னிடம் வரவழைக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. 1514க்கும் 1516க்கும் இடையில் மேலும் மூன்று பிள்ளைகள். 1519 ஜூன் 14 அன்று பெண் குழந்தை பிறந்தது. மீண்டும் பேறுகாலக் காய்ச்சல். ஜூன் 22 அன்று போப் பத்தாம் லியோவுக்கு ஆசி கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். 24 அன்று இறந்தார். வயது 39. ஃபெராராவில் கழித்த 17 ஆண்டுகளில் எட்டுப் பேறுகள், அவற்றைத் தவிரக் கருச்சிதைவுகள்.

எவை வேறாக இருந்திருக்கலாம்

படித்தொகையை 1501 ஆகஸ்டிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். அப்போது போப்பின் பேச்சுக்கு விலை இருந்தது. பிப்ரவரியில் பணம் ஃபெராராவின் பெட்டிக்குள் போய்விட்டது. தவணை முறையில் சீதனம் கொடுத்திருந்தால் பிறந்த வீட்டுக்குப் பிடி இருந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் 1503 ஆகஸ்டோடு தவணை நின்றிருக்கும். அதையே சாக்காகக் கொண்டு மருமகளை அனுப்பியிருப்பார்கள். மொத்தமாகக் கொடுத்ததே அவரைக் காத்தது. ரோட்ரிகோ விஷயத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவாவது ஒரு சரத்து சேர்த்திருக்கலாம். போப்பின் கவனம் அந்தப் பேரனின் நிலபுலன்களில் இருந்தது, தாயைப் பிரிவதில் இல்லை. பேறுகால மரணத்துக்கு ஒப்பந்தத்தில் மாற்று இல்லை. வாரிசு என்பதே அதன் மையச் சரத்து.

அந்தச் சரத்தின் எடை பின்னால் தெரிந்தது. லுக்ரேசியா இறந்தபின் அல்ஃபோன்சோ, லவுரா தியாந்தி என்ற ஊர்ப் பெண்ணோடு வாழ்ந்து பிள்ளைகளும் பெற்றார். சீதனமும் இல்லை, தூதரும் இல்லை. 1597இல் லுக்ரேசியாவின் பேரன் இரண்டாம் அல்ஃபோன்சோ பிள்ளையில்லாமல் இறந்தபோது ஆண்வழியில் மிஞ்சியவர் லவுராவின் பேரன் செசாரே தெஸ்தே. அவரை முறையான வாரிசாக ரோம் ஏற்கவில்லை. 1598இல் ஃபெராரா போப்பின் நேரடி ஆட்சிக்குப் போனது. எஸ்தே குடும்பம் மொதெனாவுக்குக் குடிபெயர்ந்தது.